டி.ஓ. கல்லூரி இன்டர்வியூ: உள்ளே என்ன நடக்கும்?

காத்திருப்புப்பட்டியல்:

வணக்கம். போன வருடம் இங்கே அமெரிக்காவில் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. தரும் கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பித்து, ஒரே ஒரு இடத்தில் காத்திருப்புப் பட்டியலில் ஜூலை கடைசி வரை தொங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஆள் நான். இந்த முறை ஏகோமாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக, கையால் செய்யும் சிகிச்சையையும் சேர்த்துக் கற்றுத்தந்து டி.ஓ. பட்டம் கொடுக்கும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கும் போட்டேன். நேற்று ஆய்வகத்தில் கையுறையோடு நின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது, முதல் இன்டர்வியூ அழைப்பு. மூன்று வாரம் இருக்கிறது. ஜூம் கிடையாது, நேரில் வர வேண்டுமாம். போன வருடம் ஜூமில் இருபது நிமிடம் பேசியதுதான் என் மொத்த இன்டர்வியூ அனுபவம்.

சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது, அப்புறம் பயம் வந்துவிட்டது. "ஏன் டி.ஓ.?" என்று கட்டாயம் கேட்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால், போன வருடம் எம்.டி. கிடைக்கவில்லை என்பதுதான் நான் இந்தப் பக்கம் வந்ததற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி நிஜமான ஆர்வம்தான், ஆனால் அதை வாயைத் திறந்து சொல்ல ஆரம்பித்தால் கல்லூரி இணையதளத்திலிருந்து காப்பி அடித்த மாதிரியே வருகிறது. ஒரு டி.ஓ. மருத்துவரோடு ஷேடோ (கூடவே நின்று வேலையைப் பார்ப்பது) போனது மொத்தம் பதினோரு மணி நேரம். அவரும் மருத்துவமனையில் உள்நோயாளிகளை மட்டும் பார்ப்பவர், கையால் செய்யும் ஓ.எம்.டி. சிகிச்சையை அவர் செய்து நான் பார்க்கவே இல்லை. எம்கேட் நுழைவுத்தேர்வில் 503, அதில் இயற்பியல் பகுதி பரிதாபம். போன வருட முயற்சியைப் பற்றிக் கேட்டால் சொல்வதா, மழுப்புவதா?

வீட்டிலோ "எலும்பு டாக்டருக்கா படிக்கப்போகிறாய்?" என்று அம்மா கேட்கிறார். அதற்கும் யாரிடமாவது நல்ல பதில் இருந்தால் சொல்லுங்கள்.


இரண்டாமாண்டு_தூக்கம்:

வாழ்த்துகள்! நான் டி.ஓ. இரண்டாம் வருடம். ஐந்து இடங்களில் இன்டர்வியூ கொடுத்தேன், இப்போது எங்கள் கல்லூரிக்கு வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையும் செய்கிறேன். அதனால் அந்த நாள் எப்படிப் போகும் என்பதை மட்டும் சொல்கிறேன், "ஏன் டி.ஓ." பற்றிச் சொல்ல என்னைவிடப் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதலில் அந்த அழைப்பு மின்னஞ்சலைத் திரும்பப் படியுங்கள். எந்த வகை இன்டர்வியூ என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும், இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பழைய பாணி என்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர், ஒரு பேராசிரியர், ஒரு மருத்துவர், சில இடங்களில் ஒரு மாணவரும் இருப்பார், அரை மணி நேரம் போலப் பேச்சு நடக்கும். உங்கள் விண்ணப்பத்தை முழுதாகப் படித்துவிட்டு வருகிறார்களா, மதிப்பெண்ணை மட்டும் மறைத்துக் கொடுத்திருக்கிறார்களா, பெயரைத் தவிர ஒன்றுமே தெரியாதா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்றும் படிக்காமல் வந்திருப்பவரிடம் "என் கட்டுரையில் சொன்ன மாதிரி" என்று ஆரம்பித்தால் அவர் முழிப்பார். நான் ஒருவரை முழிக்க வைத்திருக்கிறேன்.

இன்னொரு வகை எம்.எம்.ஐ., பல குட்டி இன்டர்வியூக்கள் சேர்ந்தது. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த முறை, இப்போது பல டி.ஓ. கல்லூரிகளிலும் உண்டு. வரிசையாக அறைகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதைப் படிக்க இரண்டு நிமிடம் போல், மணி அடித்ததும் உள்ளே போய் ஆறேழு நிமிடம். ஒரு அறையில் நெறிமுறைக் கேள்வி வரும், ஒரு அறையில் நடிகர் ஒருவர் கோபமாக உட்கார்ந்திருப்பார், ஒரு அறையில் இன்னொரு மாணவரோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். எனக்கு வந்ததில் இன்னும் மறக்காதது இதுதான்: என் கையில் ஒரு படம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் வெள்ளைத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார், நான் சொல்லச் சொல்ல அவர் அதை வரைய வேண்டும். நான் பாட்டுக்கு "முக்கோணத்துக்கு மேலே வட்டம், அதற்குப் பக்கத்தில் கோடு" என்று மூச்சு விடாமல் நான்கு நிமிடம் கொட்டினேன். கடைசியில் அவர் தாளைத் திருப்பிக் காட்டினால் வட்டம் முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிறது. மேலே என்றால் அவருக்கு அதன் மீது! நடுவில் ஒரு தடவை "இதுவரை என்ன வரைந்திருக்கிறீர்கள்?" என்று நான் கேட்டிருந்தால் போதும். அவர்கள் பார்த்ததும் அதைத்தான் என்று வெளியே வந்த பிறகு உறைத்தது. ஒரு அறை சொதப்பினால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போங்கள், அடுத்த அறையில் இருப்பவருக்கு நீங்கள் சொதப்பியது தெரியாது.

கல்லூரியைச் சுற்றிக் காட்டும்போது ஓ.எம்.எம்., அதாவது அந்தக் கைச் சிகிச்சை முறையைக் கற்றுத்தரும் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போவார்கள். பெரிய ஹால், வரிசையாக சிகிச்சை மேஜைகள், பசங்க அரை டிராயரோடு ஒருவர் மேல் ஒருவர் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். முதல் இரண்டு வருடத்தில் சுமார் 200 மணி நேரம் இதற்கென்றே போகும். முதல் நாள் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது பக்கத்து சீட்டுக்காரனுடைய நாலாவது இடுப்பு முள்ளெலும்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை: சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களோடு தனியாக விடுவார்கள், "இது மதிப்பீடு இல்லை" என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் யாராவது எங்களிடம் அலட்சியமாக நடந்துகொண்டால் அது எப்படியோ மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உடைக்கு ஒரு அடர்நிற சூட் போதும். ஷூ மட்டும் பழகியதாக இருக்கட்டும், நிறைய நடக்க விடுவார்கள்.


வெள்ளைக்கோட்டு_பழசு:

நான் குடும்ப மருத்துவம் பார்க்கும் டி.ஓ. சில வருடங்கள் ஒரு கல்லூரியில் இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். தம்பியா தங்கையா தெரியவில்லை, எதுவானாலும் சொல்வது ஒன்றுதான்.

"ஏன் டி.ஓ.?" என்று கேட்டதும் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்கிற பதில், "டி.ஓ. மருத்துவர்கள் நோயை மட்டும் பார்க்காமல் முழு மனிதரையும் பார்க்கிறார்கள்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதோடு அதன் உள்ளே எம்.டி.க்கள் மனிதரைப் பார்ப்பதில்லை என்ற ஒரு குத்தல் ஒளிந்திருக்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவரே எம்.டி.யாக இருக்கலாம், டி.ஓ. கல்லூரிகளில் எம்.டி. ஆசிரியர்கள் நிறையப் பேர். இன்னும் சிலர் ஆஸ்டியோபதியின் நான்கு கொள்கைகளையும் ஒப்பிப்பார்கள்: உடல் ஒரே அலகு, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், அமைப்பும் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை, இவற்றை வைத்துத்தான் சிகிச்சை. தெரிந்திருக்கட்டும். ஆனால் ஒப்பித்தவரிடம் நான் அடுத்து கேட்பது, "சரி, இதில் மூன்றாவதை நீங்கள் எங்கே கண்ணால் பார்த்தீர்கள்?" அங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

வரலாறு கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது, ஒப்பிக்க இல்லை, யாருடைய வீட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற எல்லைப்புற மருத்துவருக்கு 1864-இல் மூன்று குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டார்கள், தான் கற்ற மருத்துவம் ஒன்றும் செய்யவில்லை என்ற அந்த அடியில்தான் அவர் வேறு வழி தேட ஆரம்பித்தார். 1874-இல் தன் கருத்தை அறிவித்தார், 1892-இல் மிசௌரியில் கிர்க்ஸ்வில் என்ற சிறிய ஊரில் முதல் கல்லூரி, அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்து மருந்துகளை அறவே வெறுத்த மனிதர் அவர். இன்று அவருடைய வாரிசுகள் காலை முதல் மாலை வரை மருந்துச் சீட்டு எழுதுகிறோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை. அப்புறம் கலிஃபோர்னியா கதை: 1962-இல் அங்கே இருந்த டி.ஓ.க்களில் சுமார் 2,000 பேர் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள், புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் தருவது அங்கே நின்றது, 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திரும்ப ஆரம்பித்தது. வேண்டா வெறுப்பாக வருபவரை நாங்கள் ஏன் சீக்கிரம் மோப்பம் பிடிக்கிறோம் என்பது இந்தக் கதை தெரிந்தால் புரியும்.

அந்தப் பதினோரு மணி நேரத்தைக் குறையாக நினைக்காதீர்கள். ஓ.எம்.டி. தினமும் செய்யாத டி.ஓ.க்கள்தான் அதிகம். என் கேள்வி வேறு: அந்தப் பதினோரு மணி நேரத்தில் நீங்கள் கண்ட ஒரு நோயாளியை இங்கே எழுதுங்கள் பார்ப்போம், பெயர், ஊர், அடையாளம் எதுவும் வேண்டாம். அப்புறம் இந்த மூன்று வாரத்துக்குள் ஓ.எம்.டி. செய்கிற ஒரு மருத்துவரிடம் அரை நாள் போய் நின்று பாருங்கள். முடிந்தால் நோயாளியாகவே போய் மேஜையில் படுத்துப் பாருங்கள், உங்கள் கழுத்தில் ஒருவர் கை வைத்துத் தசை தளரும்வரை காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எந்த இணையதளமும் சொல்லாது.

அம்மாவுக்கு: எலும்பு டாக்டர் என்பது ஆர்த்தோ, இது ஆஸ்டியோ. வேறு பல நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் மருந்து எழுத முடியாதவர், குழப்பம் அங்கிருந்தும் வருகிறது. அமெரிக்காவில் டி.ஓ. படித்தவருக்கு 50 மாநிலங்களிலும் முழு உரிமம், அறுவை சிகிச்சை உட்பட. டிரம்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லி, பைடனுக்கு இருந்த கெவின் ஓ'கானர், இருவருமே டி.ஓ.தான். பெரும்பாலான அம்மாக்களுக்கு இது போதும்.


நைட்ஷிப்ட்_ரெசிடென்ட்:

பழசு ஐயா சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். கால்வாசி சண்டை கடைசியில்.

எம்.டி.க்கு முயன்றதை மறைக்காதீர்கள். என் கதையைக் கேளுங்கள். ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், "நாளைக்கே எம்.டி. சீட் வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் டி.ஓ.வைத் தவிர வேறு எதையும் யோசித்ததே இல்லை" என்றேன். எதிரே இருந்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர்களுடைய செகண்டரி, அதாவது பொது விண்ணப்பத்துக்குப் பிறகு கல்லூரி தனியாகக் கேட்கும் இரண்டாவது விண்ணப்பம். அதில் வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாய் என்ற கேள்விக்குக் கீழே எட்டு எம்.டி. கல்லூரிகளை என் கையாலேயே டைப் செய்திருக்கிறேன்! அதற்கப்புறம் இருபது நிமிடம் அவர் மரியாதையாகப் பேசினார், அந்த மரியாதை இன்னும் உறுத்துகிறது. இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம். அடுத்த இடத்தில் அதே கேள்விக்கு, "மருத்துவராக வேண்டும், அதற்கு இரண்டு வழியிலும் விண்ணப்பித்தேன், இந்த வழியில் எனக்குப் பிடித்தது இது" என்று சொன்னேன், அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இவ்வளவுதான் விஷயம்.

503 பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். என்ன தவறியது, என்ன மாற்றினீர்கள். பாட்டி செத்தது, கார் ரிப்பேர் என்று நீட்டினால் மதிப்பெண்ணைவிட விளக்கம்தான் நினைவில் நிற்கும்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று முடிக்கும்போது கேட்பார்கள். நான் கேட்கச் சொல்வது மூன்றாம் நான்காம் வருடப் பயிற்சி எங்கே நடக்கும் என்பதுதான். நிறைய டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது, மாணவர்களை வெவ்வேறு ஊர் மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். முதல் இரண்டு வருடம் ஒரு ஊரில் வீடு பிடித்துவிட்டு, மூன்றாம் வருடம் பெட்டி படுக்கையோடு அறுநூறு மைல் தள்ளிப் போனவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. யார் எங்கே என்று எப்படி முடிவு செய்கிறார்கள், குலுக்கலா, விருப்பப் பட்டியலா, அங்கே ரெசிடென்ட்கள் (பட்டம் வாங்கிவிட்டு மேற்பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள்) இருக்கிறார்களா, இதையெல்லாம் கேளுங்கள். தேர்வு விஷயம் மாணவர்களிடம் கேட்பது நல்லது: உரிமத் தேர்வாக டி.ஓ.க்களுக்குக் கட்டாயம் காம்லெக்ஸ், ஆனால் போட்டி அதிகமுள்ள துறைகளுக்காகப் பலர் எம்.டி.க்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் சேர்த்து எழுதுகிறார்கள், இரட்டைச் செலவு, இரட்டைத் தூக்கமின்மை. இரண்டிலும் முதல் கட்டம் 2022 முதல் பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான், அதனால் இரண்டாம் கட்டத்தின் மேல் பாரம் ஏறிவிட்டது. 2020-இல் ரெசிடென்சி பயிற்சிக்கான அங்கீகாரம் இரு தரப்புக்கும் ஒன்றாகிவிட்டதால் எம்.டி.யும் டி.ஓ.வும் ஒரே இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறோம். "இரண்டு தேர்வுக்கும் படிக்கக் கல்லூரி நேரம் தருகிறதா?" என்று ஒரு இரண்டாமாண்டு மாணவரிடம் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள், பதில் அங்கேயே தெரியும்.

பணமும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் ப்ளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது, மருத்துவப் படிப்புக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவுதான் உச்சவரம்பு. பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கட்டணமும் வீட்டுச் செலவும் சேர்ந்தால் இதைத் தாண்டிவிடும். இதை இன்டர்வியூவில் கேட்காதீர்கள், நிதி உதவி அலுவலகம் பேசும் நேரத்தில் கேளுங்கள். சீட் உறுதிசெய்யக் கட்டும் முன்பணமும் பெரும்பாலும் திரும்ப வராது.

இப்போது சண்டை. ஓ.எம்.எம். மேல் பக்தி காட்ட வேண்டிய அவசியம் இல்லை ஐயா. மண்டையோட்டு எலும்புகளின் அசைவைக் கையால் உணர்ந்து சரிசெய்வது என்ற பகுதியைப் பற்றி என்னிடம் கேட்டார்கள், எனக்கு அதில் ஆதாரம் போதவில்லை என்று தோன்றுகிறது, இடுப்பு வலிக்குச் செய்வதில் நம்பிக்கை இருக்கிறது, கற்றுக்கொண்டு பிறகு முடிவு செய்வேன் என்றேன். சீட் கிடைத்தது.


எஃப்1_கவலை:

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும், மாணவர் விசாவில் இருப்பவர்களிடம் வேறு ஏதாவது கேட்பார்களா?


நைட்ஷிப்ட்_ரெசிடென்ட்:

@எஃப்1_கவலை இன்டர்வியூ கேள்விகள் அதேதான். வெளிநாட்டு மாணவர்களை எடுக்காத டி.ஓ. கல்லூரிகள் நிறைய இருப்பதால் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் பாருங்கள். அரசுக் கடன் உங்களுக்குக் கிடையாது, பணம் இருப்பதற்குச் சான்று கேட்பார்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தக் கவலை இல்லை.


காத்திருப்புப்பட்டியல்:

தங்கைதான் ஐயா :) எல்லோருக்கும் நன்றி, அண்ணாவின் அந்தத் தாள் கதையைப் படித்துவிட்டு என் செகண்டரி பதில்களை எல்லாம் எடுத்து ஒருமுறை பார்த்தேன், நல்லவேளை.

நோயாளி கேட்டீர்கள். இதய பலவீனத்தோடு ஒரு முதியவர், ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாக உள்ளே வந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, மருத்துவர் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது. நீர் பிரியும் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அவரும் போடுகிறேன் என்றே சொல்லியிருக்கிறார். இந்த மருத்துவர் அவர் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், கணுவெல்லாம் வாதத்தில் முறுக்கியிருந்தது. பையிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்து, "இதைத் திறந்து காட்டுங்கள்" என்றார். அது குழந்தைகள் திறக்க முடியாதபடி அமுக்கித் திருப்புகிற மூடி. அவரால் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வரும் நாளில் திறந்து தருவாராம், வராத நாளில் இல்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சாதாரண மூடி போட்டுத் தரும்படி மருந்தகத்துக்கு எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இதில் ஓ.எம்.டி. ஒன்றும் இல்லையே, இதைச் சொன்னால் "ஏன் டி.ஓ."வுக்குப் பதிலாகுமா?


வெள்ளைக்கோட்டு_பழசு:

மூன்றாவது கொள்கையை எங்கே பார்த்தாய் என்று நான் கேட்டிருந்தால் இதைவிட என்ன வேண்டும்மா? விரல் மடங்கவில்லை, அதனால் மூடி திறக்கவில்லை, அதனால் கால் வீங்கியது.

ஒன்று மட்டும். "டி.ஓ. என்பதால்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார்" என்று முடிக்காதே. நல்ல எம்.டி.யும் கண்டுபிடிப்பார், நல்ல நர்ஸ் அதற்கும் முன்பே கண்டுபிடித்திருப்பார். அவர் கையைத் தொட்டுப் பார்த்ததை நீ கவனித்தாய், உனக்கு அப்படி வேலை செய்யப் பிடித்திருக்கிறது, அந்தக் கையைப் பழக்குவதற்கென்றே 200 மணி நேரம் ஒதுக்குகிற படிப்பு இது, அதனால் வருகிறேன். இந்த அளவில் நிறுத்து. எம்.டி. முயற்சியைப் பற்றிக் கேட்டால் ரெசிடென்ட் தம்பி சொன்ன மாதிரி சொல்லிவிடு. அவரோடு மண்டையோட்டுச் சண்டையை நான் தனியாக வைத்துக்கொள்கிறேன், சொல்லப்போனால் எனக்கும் அதில் முழு நம்பிக்கை கிடையாது.


இரண்டாமாண்டு_தூக்கம்:

அக்கா, அந்த மூடி கதையை ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள், எம்.எம்.ஐ. என்றால் மணி அடித்துவிடும். இன்னொன்று, வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் வேண்டாம், நடுவில் ஒரு கேள்வி கேட்டால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.


காத்திருப்புப்பட்டியல்:

இப்போது போனில் பதிவு செய்து பார்த்தேன், மூன்று நிமிடம் பத்து விநாடி. பக்கத்து வீட்டுப் பெண்ணை வெட்ட வேண்டும்போல.

ஓ.எம்.டி. செய்கிற மருத்துவர் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டேன், வருகிற புதன்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் வெள்ளை மாளிகை விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா" என்றார், ஐந்து நிமிடம் கழித்து, "அப்போ என் முழங்கால் வலிக்கு அவர் பார்ப்பாரா, கேட்டுச் சொல்" என்கிறார்.